மீன் குஞ்சுக்குத் தாய்ப்பால்

முதல் வருஷம் 2 சென்ட் நாற்றங்கால் குட்டையில் 20,000 ரோகு, கட்லா நுண்குஞ்சுகளை விட்டேன். தவிட்டையும் புண்ணாக்கையும் பொடித்துத் தூவினேன். 15 நாள் கழித்து வலை இழுத்தால் ஆயிரம்கூடத் தேறவில்லை. வலை இழுக்க வந்த பெரியவர் குட்டைத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். "சார், பால்குடி மறக்காத பிள்ளைக்குப் பந்திச் சோறு போட்டா தின்னுமா? தண்ணியில உசுரே இல்லையே" என்றார்.

அந்த உயிர்தான் விலங்கின நுண்மிதவைகள். பொரித்த குஞ்சு சுமார் 3 நாள் வயிற்று மஞ்சள்கருவில் வாழும். பிறகு அதன் வாய்க்குள் நுழையும் அளவில், அசைகிற இரை வேண்டும். முதலில் ரோட்டிஃபர், அடுத்து மொய்னா என்ற நீர்த்தெள்ளு. கட்லா வளர்ந்த பிறகும் இவற்றை விரும்பித் தின்னும். நான் தூவிய தீவனமோ அடியில் படிந்து அழுகியதுதான் மிச்சம்.

இப்போது செய்வது இது. குஞ்சு விட ஒரு வாரம் முன்பு குட்டையில் தண்ணீர் கட்டுகிறேன். 3 கிலோ கடலைப் புண்ணாக்கு, 1 கிலோ பசுஞ்சாணம் இரண்டையும் 2 நாள் ஊறவைத்துக் கரைத்து ஊற்றுகிறேன். தண்ணீர் பச்சை கட்டும்; அதைத் தின்று நுண்மிதவை பெருகும். 50 லிட்டர் தண்ணீரை மெல்லிய நைலான் துணியில் வடிகட்டினால் 1 முதல் 2 மில்லி தேற வேண்டும். அதற்கு முன் குஞ்சு வாங்காதீர்கள். விடுவதற்கு முதல் நாள் சின்னக்கண் வலையை இழுத்து நீர்வண்டுகளை அள்ளிவிடுங்கள். அவை குஞ்சைத் தின்றுவிடும்.

கைக்காவலாக 500 லிட்டர் தொட்டியில் மொய்னா தனியாக வளர்க்கிறேன். ஆண் இல்லாமலே பெண் பெண்ணைப் பெறும். ஒரு வாரத்துக்குள் அந்தக் குட்டியும் தாயாகும். வங்கியில் கூட்டு வட்டி போட்டவனுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரிந்தது! தினமும் கால்வாசிக்கு மேல் அள்ளுவதில்லை. முதலில் கை வைத்தால் வட்டி ஏது? தண்ணீர் நாறினால் சாணக் கரைசலை நிறுத்திவிடுவேன்.

போன வருஷம் ஒரு காலை தொட்டி மொத்தமும் செத்துக் கிடந்தது. முந்தின நாள் வாய்க்கால் தண்ணீர் விட்டிருந்தேன். மேல்வயலில் அன்றுதான் பூச்சிக்கொல்லி அடித்திருந்தார்கள். நீர்த்தெள்ளு அவ்வளவு மென்மையானது. பூச்சிக்கொல்லிகளின் நச்சைச் சோதிக்க ஆய்வகங்களில் அதன் இனமான டாஃப்னியாவைத்தான் வைத்திருக்கிறார்கள். நம்ம வேப்பெண்ணெய்க் கரைசலும் தொட்டியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று முதல் வாய்க்கால் தண்ணீரை நேராகக் குட்டைக்கு விடுவதில்லை. ஒரு வாளியில் பிடித்து, கொஞ்சம் மொய்னாவை விட்டு ஒரு நாள் பார்க்கிறேன். அவை துள்ளினால்தான் மடை திறக்கிறேன். இந்த முறை வலை இழுத்தபோது எண்ணி முடிக்க மதியமாகிவிட்டது. 9,000-க்கு மேல் இருந்தன. பெரியவர் சிரித்தார்: "இப்பத்தான் சார் தண்ணியில உசுரு இருக்கு."