துப்பாக்கியின் தாழ்ப்பாளைத் தின்னும் துரு!

கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. துப்பாக்கிக்கும் தாழ்ப்பாள் உண்டு!

அதற்குப் பெயர் "போல்ட்". ரைபிளின் பின்பக்கத்தில் கைப்பிடியுடன் முன்னும் பின்னும் ஓடும் உருக்குத் துண்டுதான் அது. முன்னே தள்ளினால் தோட்டா குழலுக்குள் போகும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் குழலின் வாய் பூட்டிக்கொள்ளும். சுட்டபின் பின்னே இழுத்தால், வெறும் தோட்டாக்கூடு வெளியே வந்து விழும்.

ராணுவ ரைபிளில் தோட்டா வெடிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 ஆயிரம் கிலோவுக்கும் மேலான அழுத்தம் உண்டாகிறது. அதைத் தாங்குவது இந்தத் தாழ்ப்பாள்தான். சுடுகிறவரின் கண்ணோ, அதற்குச் சில அங்குலம் தள்ளி இருக்கிறது!

மதுரையில் ஆயுதப்படைப் போலீசார் இருக்கிறார்கள். என்.சி.சி. மாணவர்கள் இருக்கிறார்கள். குறிபார்த்துச் சுடப் பழகும் ரைபிள் கிளப் இருக்கிறது. உரிமம் பெற்று வீட்டில் துப்பாக்கி வைத்திருப்போரும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான எதிரி துரு.

வியர்வையும் உப்பும்

மதுரைக்குக் கடல் தூரம். கோடையில் காற்றும் வறண்டிருக்கும். பிறகு துரு எங்கிருந்து வருகிறது?

கையிலிருந்து வருகிறது! வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். போல்ட்டின் கைப்பிடியைத் தொட்ட விரல், உப்பை அங்கே விட்டுச் செல்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் கேட்கவே வேண்டாம்.

பழைய .303 ரைபிள்களுக்கு இன்னோர் உப்பும் பகையாக இருந்தது. தோட்டாவின் அடியில் தீப்பொறி எழுப்பும் மருந்து எரிந்ததும், உப்பு மிஞ்சும். எண்ணெயால் துடைத்தால் அது போகாது. தண்ணீரில்தான் கரையும். அதனால் வெள்ளையர் ராணுவத்தில் குழலுக்குள் கொதிநீர் ஊற்றுவதற்கென்றே ஒரு புனல் கொடுத்தார்கள். கொதிநீர் ஊற்றி, உலரத் துடைத்து, அதன்பின் எண்ணெய்!

பெயின்ட் அடித்தால் என்ன?

வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். வாளிக்குத் துத்தநாகம் பூசியிருக்கிறார்கள். போல்ட்டுக்கும் அப்படிச் செய்தால் என்ன?

போல்ட் ஓடுகிற உறுப்பு. அது ஓடும் பள்ளத்தில் இடைவெளி மிகக் குறைவு. பெயின்ட் கனமாக இருந்தால் சிக்கும். உரிந்தால் அந்தத் துணுக்கே போல்ட்டை நிறுத்திவிடும். வாளிக்குத் துத்தநாகம் ஏற்ற, சுமார் 450 டிகிரி சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முக்குகிறார்கள். பதம் ஏற்றிய உருக்கை அந்தச் சூட்டில் முக்கினால், ஏற்றிய பதம் இறங்கிப் போகும்.

துருவுக்குத் துரு

ஆகவே வேறு வழி கண்டார்கள். முள்ளை முள்ளால் எடுப்பதுபோல் துருவைத் துருவால் தடுப்பது!

துருவில் சிவப்பும் உண்டு, கறுப்பும் உண்டு. சிவப்புத் துரு பொருக்குப் பொருக்காக உதிரும். கறுப்போ இரும்போடு ஒட்டிக்கொள்ளும். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த நீரை 140 டிகிரி அளவுக்குக் காய்ச்சி, அதில் போல்ட்டை முக்குகிறார்கள். மேலே கறுப்புத் தோல் படிகிறது. அதன் கனம், ஒரு தலைமயிரின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது.

இதைவிடக் கெட்டியான முறை பாஸ்பேட் பூச்சு. 1906-ல் காஸ்லெட் என்ற ஆங்கிலேயர் இதற்கு வழி காட்டினார். பாஸ்பாரிக் அமிலம் கலந்த சூடான நீரில் இரும்பை வைத்தால், சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான படலம் ஏறும். பார்வைக்கு அழகில்லைதான். ஆனால் கொத்திய அம்மியில் மசாலா தங்குவதுபோல், அதன் குழிகளில் எண்ணெய் தங்கி நிற்கும்!

இந்த இரண்டு தோலும் தனியாக நின்று துருவைத் தடுத்துவிடாது. துருவைத் தடுப்பது எண்ணெய். அதைப் பிடித்து வைப்பது தோல். தோசைக்கல்லைப் பாருங்கள். எண்ணெய் ஊறிக் கறுத்த கல் துருப்பிடிக்காது. தேய்த்துக் கழுவிய கல் மறுநாளே சிவந்து நிற்கும்.

காரைக்குடியில் ஆராய்ச்சி

துருவை ஆராயும் பெரிய நிலையம் மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ந் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மண்டபத்திலும் இதற்குக் கிளை உண்டு. கடற்காற்று இரும்பை என்ன செய்கிறது என்று அங்கே ஆராய்கிறார்கள்.

மின்சாரத்தால் முலாம் ஏற்றுவது இந்த நிலையத்தின் முக்கியத் துறைகளில் ஒன்று. முலாம் அழகானது, ஆபத்தும் உள்ளது. முலாம் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு உருக்குக்குள் புகுந்துவிடும். பதம் ஏறிய உருக்கு அதனால் கண்ணாடிபோல் நொறுங்கலாம். அதனால் முலாம் ஏற்றியதும் சுமார் 200 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து வாயுவை வெளியேற்றுகிறார்கள்.

வியட்நாமில் நடந்தது

துரு எவ்வளவு பொல்லாதது என்பதை அமெரிக்கா வியட்நாமில் கண்டது. எம்-16 என்ற புதிய ரைபிளை வீரர்களுக்குக் கொடுத்தார்கள். அதற்குத் துடைப்பே வேண்டாம் என்ற பேச்சு பரவியிருந்தது. துடைக்கும் சாமானும் போதவில்லை. ஈரக் காற்றில், தோட்டா உட்காரும் அறை துருப்பிடித்தது. சுட்ட கூடு அங்கேயே ஒட்டிக்கொண்டது. போல்ட் பின்னே வந்தும் கூடு வரவில்லை! எதிரி சுடும்போது, குழலுக்குள் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தார்கள் வீரர்கள். அந்த நிலையிலேயே உயிர் விட்டவர்களும் உண்டு.

வெடிமருந்தை மாற்றியதும் ஒரு காரணம். 1967-ல் அமெரிக்க காங்கிரஸ் குழு விசாரித்தது. பிறகு அந்த அறைக்குக் குரோமிய முலாம் ஏற்றினார்கள்.

புளி போட்டுத் தேய்க்காதீர்!

உரிமம் பெற்ற துப்பாக்கி வீட்டில் இருந்தால், முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்யவேண்டும். பிறகே துடைக்கவேண்டும். உப்புத்தாள் கூடாது. பித்தளைக் குடத்தைப்போல் புளி போட்டும் தேய்க்கக் கூடாது. புளிப்பு, கறுப்புத் தோலைத் தின்றுவிடும். சமையல் எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகும். துப்பாக்கி எண்ணெய்தான் ஏற்றது. தோல் உறையிலேயே போட்டு வைப்பதும் தவறு. அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

தேர்தல் வந்தால் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டியிருக்கிறது. திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். கொடுப்பதற்கு முன் போல்ட்டிலும் குழலிலும் மெல்லக் கிரீஸ் தடவினால் தாங்கும். திரும்ப வாங்கியதும் குழலிலுள்ள கிரீசைச் சுத்தமாகத் துடைத்துவிடவேண்டும். கிரீஸ் அடைத்திருக்கும் குழலில் சுட்டால், குழலே வீங்கிவிடும்!