ஒரே படம், இரண்டு தீர்ப்பு: விமர்சனங்கள் ஏன் ஒத்துப்போவதில்லை?

காலையில் படம் வெளியாகிறது. மதியத்துக்குள் கைப்பேசியில் இரண்டு விமர்சனங்கள் வந்து விழுகின்றன. ஒன்று ‘கட்டாயம் பாருங்கள்’ என்கிறது. மற்றொன்று ‘காசு போச்சு’ என்று தலையில் அடித்துக்கொள்கிறது. மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்படலாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை. தோட்டத்திலிருந்து திரையரங்கு உள்ள பட்டணத்துக்குப் போய் வர பெட்ரோல், டோல், பார்க்கிங், டிக்கெட், பிள்ளைகளுக்குப் பாப்கார்ன் என்று கணக்குப் போட்டால் ஒரு நாள் சம்பளம் அதிலேயே கரைந்துவிடும்.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்தில் இந்தத் தலைவலி இல்லை. எந்தப் படம் வந்தாலும் பாயைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். பிடிக்காதவர்கள் பாதியில் எழுந்து லயத்துக்குப் போய்விட்டார்கள்.

விமர்சகர்கள் ஏன் இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, மலேசியத் தமிழர்களுக்கு மிக நெருக்கமான உதாரணம் ‘கபாலி’. பா. ரஞ்சித் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்து 2016 ஜூலை 22ஆம் தேதி வெளிவந்த படம். விமானத்தில்கூட ரஜினியின் படத்தை வரைந்து பறக்கவிட்டார்கள். எதிர்பார்ப்பு அந்த உயரத்துக்குப் போயிருந்தது. ஆனால் வந்த விமர்சனங்கள் மூன்று விதம்.

ரஜினி படம் என்றால் பஞ்ச் வசனமும் சண்டையும் வேண்டும் என்று போனவர்கள், இடைவேளைக்குப் பிறகு படம் தொய்ந்துவிட்டது, வில்லனுக்கு வலு இல்லை என்று எழுதினார்கள். இன்னொரு பக்கத்தினர், தன் வயதுக்கு ஏற்ற வேடத்தில் ரஜினியைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்ததாகவும், மனைவியைத் தேடும் காட்சிகளே படத்தின் உயிர் என்றும் பாராட்டினார்கள். கோட்டு அணிவதில் உள்ள அரசியலைப் பற்றிய வசனத்தையும், சிறையில் கபாலி படிக்கும் ‘மை ஃபாதர் பாலய்யா’ என்ற புத்தகத்தையும் பிடித்துக்கொண்டு, இது சாதியைப் பற்றிய படம் என்று விளக்கியவர்கள் மூன்றாவது வகை.

மலேசியாவில் கேள்வியே வேறாக இருந்தது. இது நம் கதையா? தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகக் குரல் கொடுத்த இளைஞன் குண்டர் கும்பல் தலைவனாக மாறுவதை இங்குள்ளவர்கள் வெறும் சினிமாவாகப் பார்க்க முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு வேலையும் வீடும் இல்லாமல் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரிந்த வரலாறு. அதைப் பெரிய திரையில் பேசியதே போதும் என்றவர்கள் இருந்தார்கள். பேச்சு வழக்கு நம்முடையதாக இல்லை, கும்பல் கலாசாரத்துக்குக் கோட்டும் சூட்டும் மாட்டி அழகு பார்க்கிறார்கள் என்று வருந்தியவர்களும் இருந்தார்கள். மலேசியாவில் திரையிடப்பட்ட படத்தின் முடிவில், கபாலி போலீசில் சரணடைந்ததாக ஒரு வாசகம் சேர்க்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் அது இல்லை. ஆக, சென்னை விமர்சகர் பார்த்த முடிவும் கிள்ளானில் பார்த்தவரின் முடிவும் ஒன்றல்ல!

‘கபாலி’க்கு ஏழு மாதம் முன்பு, 2015 டிசம்பரில், அதே வேதனையை இங்கேயே பிறந்த ஒரு படம் சொல்லியிருந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குப் பகுதியில் குடியேறிய குடும்பம், 1990களின் தொடக்கம், அப்போய் என்ற சுட்டிப் பையன். படிப்பில் கண்டிப்பான அப்பா ஒரு பக்கம், கும்பலில் சேர்ந்த சித்தப்பா இன்னொரு பக்கம். ‘ஜாஹாட்’ என்ற மலாய்ச் சொல் நம்மவர் வாயில் மாறிய விதமே தலைப்பு. பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. பார்த்தவர்கள் வாய்வழியாகச் சொல்லித்தான் படம் பரவியது.

அடுத்த ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழா வந்தபோது, விமர்சனத்தைத் தாண்டிய ஒரு சர்ச்சையில் ‘ஜகாட்’ சிக்கியது. மலாய்மொழி அல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்று ஒதுக்கியிருந்தார்கள். திரைத்துறையினரே எதிர்த்தார்கள். மூத்த ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம், தாம் முன்பு பெற்ற விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். விதி மாற்றப்பட்டது. சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது ‘ஜகாட்’டுக்கே கிடைத்தது. எந்தத் தராசில் வைக்கிறோம் என்பது ஒரு படத்தின் தலையெழுத்தையே மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

தராசு என்றதும் ஆனந்த விகடன் மதிப்பெண் பலருக்கு நினைவு வரும். 1977இல் வந்த ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 மதிப்பெண் கொடுத்ததை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பள்ளித் தேர்வில் அறுபது வாங்கினால் அம்மா முறைப்பார், விகடனில் அறுபது வாங்கினால் இயக்குநர் கொண்டாடுவார். இணையத்தில் ஓடும் சதவீதக் கணக்கும் இப்படிக் குழப்பக்கூடியதே. ‘ராட்டன் டொமேட்டோஸ்’ தளத்தில் 90 சதவீதம் என்றால் படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று பொருளில்லை. எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ‘பார்க்கலாம்’ என்றார்கள், அவ்வளவுதான். அத்தனை பேரும் ‘பரவாயில்லை’ என்று மட்டும் சொல்லியிருந்தாலும் எண்ணிக்கை உயர்ந்துவிடும்.

விமர்சகர் எப்போது, யாரோடு உட்கார்ந்து பார்த்தார் என்பதும் கணக்கில் வரும். ரசிகர்கள் விசிலடிக்கும் முதல் காட்சியில் பாதி வசனம் காதில் விழாது. அந்தக் கூச்சலே சிலருக்கு உற்சாகம், சிலருக்குத் தலைவலி. படம் முடிந்த அரை மணி நேரத்தில் காணொளி போட வேண்டும் என்ற அவசரம் வேறு.

சில படங்களுக்குக் காலம் தேவைப்படுகிறது. 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ அன்று திரையரங்கில் கையைச் சுட்டுக்கொண்டது. பிறகு தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டு, இன்று அதைத் திட்டுபவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2010இல் செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ இரண்டாம் பாதி புரியவில்லை என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. அதே படத்தை 2021 இறுதியில் மறுபடியும் திரையிட்டபோது கூட்டம் கைதட்டியது. படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லை.

மாற்றியவர்களும் உண்டு. 2024இல் ‘இந்தியன் 2’ வெளியான சில நாட்களில், நீளம் என்ற புகாருக்குப் பணிந்து 12 நிமிடம் வெட்டினார்கள். அதே ஆண்டு ‘மெய்யழகன்’ படத்தில் 18 நிமிடம் போனது. ‘மெய்யழகன்’ விஷயத்தில் பலருக்கு மனத்தாங்கல். இரண்டு பேர் விடிய விடியப் பேசுவதுதான் அந்தப் படம். பேச்சைக் குறைத்தால் எதைப் பார்க்கப் போவது? முதல் நாள் படத்தைப் பார்த்து எழுதியவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் சண்டை போட்டால், இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

‘கங்குவா’வுக்கு வந்த அடி இன்னும் பெரிது. சத்தம் காதைக் கிழிக்கிறது என்று புகார் எழுந்து, ஒலியளவைக் குறைக்கும்படி தயாரிப்புத் தரப்பே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டது. அதன் பிறகு, படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனம் வரக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. கருத்துச் சொல்வது உரிமை என்பதே அதன் நிலை.

மூன்று நாள் என்று அவர்கள் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய படங்கள் வசூலில் பெரும்பகுதியை முதல் வார இறுதியிலேயே அள்ளிவிடப் பார்க்கின்றன. உள்ளூர்ப் படங்களுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். விளம்பரத்துக்குப் பணமில்லை, கிடைக்கும் காட்சிகளும் குறைவு. முதல் சில நாட்களில் இருக்கை நிறையாவிட்டால் அந்த நேரத்தை வேறு படத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை வெளிவரும் அருமையான விமர்சனத்தைப் படித்துவிட்டுச் சனிக்கிழமை குடும்பத்தோடு போகிறவர், அந்தப் படம் அங்கே ஓடவில்லை என்பதை டிக்கெட் கவுண்டரில்தான் தெரிந்துகொள்கிறார்.