ஒரே காருக்கு இரண்டு வேலை: டயர் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

சென்ற மாதம் நம் சங்க அலுவலகத்துக்கு உறுப்பினர் ஒருவர் வந்திருந்தார். பருப்பு மொத்த வியாபாரம் செய்பவர். முகத்தில் வழக்கமான சிரிப்பைக் காணோம். வரி நோட்டீஸ் ஏதாவது வந்துவிட்டதோ என்று விசாரித்தோம். "அதெல்லாம் இல்லீங்க. பையன் நல்லா இருக்கிற நாலு டயரையும் கழட்டிட்டு வேற டயர் போடணும்ங்கிறான். விலையைக் கேட்டா தலை சுத்துது" என்றார். மகன் வருடத்தில் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதைக்குக் காரை எடுத்துச் செல்கிறாராம். மற்ற நாட்களில் அதே காரில்தான் தகப்பனார் மண்டிக்குப் போய் வருகிறார். சில நாள் டிக்கியில் இரண்டு மூட்டை உளுந்தும் ஏறும்.

இப்படிக் கேட்பவர் இவர் ஒருவர் மட்டுமல்ல. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களை வெயிலில் நின்று பார்த்த மூத்த வியாபாரிகள் நம்மில் உண்டு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்தது. கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில், பந்தய வீரர் கரிவரதன் பெயரால் இன்னொரு பாதை இருக்கிறது. பந்தய வீரர் அல்லாதவர்களும் கட்டணம் செலுத்தி, சொந்த வண்டியை அங்கே வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாட்கள் உண்டு. அதைத்தான் பிள்ளைகள் 'டிராக் டே' என்கிறார்கள். பொதுச் சாலையில் வேகம் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது நம் கருத்து. ஆனால் அந்த நாளுக்கென்று வாங்கும் டயர் மற்ற நாட்களில் என்ன செய்யும் என்பதை, பணம் கொடுப்பவர் தெரிந்துகொள்வது நல்லது.

வண்டி எத்தனை லட்சம் விலை ஆனாலும், தரையைத் தொடுவது ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான். அந்த ரப்பர் மென்மையாக இருந்தால் பிடிப்பு கூடும், ஆயுள் குறையும். கடினமாக இருந்தால் நெடுநாள் உழைக்கும், பிடிப்பு குறையும். கலவையில் கம்பெனிகள் பல வித்தை செய்கின்றன. ஆனாலும் இரண்டையும் முழுதாகக் கொடுக்கும் டயர் இன்னும் வரவில்லை. பந்தயத்துக்கென்றே செய்த டயருக்கு இன்னொரு குணம் உண்டு. அது சுமார் 80 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேட்டுக்குப் போகிற காரில் அந்தச் சூடு எங்கே ஏறப்போகிறது? அதோடு அதன் பட்டன் ஆழம் குறைவு, தண்ணீரை வெளியே தள்ளும் வாய்க்கால்களும் குறைவு. ஐப்பசி கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரின் மேல் வேகமாகப் போனால் டயர் தரையை விட்டு மிதந்துவிடும். அப்போது பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது.

டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளைப் படிக்க ஒரு முறை கற்றுக்கொண்டால் போதும். 205/55 ஆர் 16 91 வி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் குறுக்களவு அங்குலத்தில். 91 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயருக்கு 615 கிலோ. வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும்; எச் என்றால் 210.

வியாபாரிகள் முதலில் பார்க்க வேண்டியது 91 என்ற அந்தச் சுமைக் குறியீட்டைத்தான். பெரிய ரிம்மும் மெல்லிய பக்கச்சுவரும் பார்வைக்கு அழகு. ஆனால் மாற்றும் டயரின் சுமை எண் கம்பெனி கொடுத்ததைவிடக் குறையக் கூடாது. மொத்தச் சக்கர உயரமும் மாறக் கூடாது. 195/65 ஆர் 15-ஐக் கழற்றி 205/55 ஆர் 16 போட்டால் உயர வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. கண்ணை மூடிக்கொண்டு அதற்கு மேல் போனால் சொல்லும்.

பல டயர்களில் 'டிரெட்வேர்' என்ற சொல்லும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அமெரிக்க அரசின் விதிப்படி போடுவது. 100 என்பது அடிப்படை. அதே சோதனையில் இரு மடங்கு உழைத்தால் 200. சாதாரணக் குடும்பக் கார் டயரில் 400, 500 என்று பார்க்கலாம். டிராக்கை மனதில் வைத்துச் செய்த டயரில் 200 அல்லது அதற்கும் கீழே. எண்ணைப் போடுவது கம்பெனியேதான், ஆகவே ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொன்றின் 300-உடன் தராசில் வைத்ததுபோல ஒப்பிட முடியாது. ஒரே கம்பெனியின் இரண்டு ரகங்களை ஒப்பிட இது உதவும். வருடத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் டிராக்குக்குப் போகிறவருக்கு, மழையிலும் நல்ல பிடிப்புள்ள, 300-ஐ ஒட்டிய சாலை டயரே போதும் என்பது நம் அபிப்பிராயம். மாதம் ஒரு முறை போகிறவர் என்றால் தனியாக ஒரு செட் ரிம்மும் டயரும் வைத்துக்கொண்டு, அங்கே போய் மாற்றிக்கொள்ளட்டும். செலவு கூடத்தான். ஆனால் ஒவ்வொரு செட்டும் அதனதன் வேலையில் மட்டும் தேயும்.

விலையைப் பற்றிக் கேட்கும் யாரும் காற்றைப் பற்றிக் கேட்பதில்லை. நம் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் அதுதான். டயருக்குள் இருக்கும் காற்று ஐந்தாறு டிகிரி சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பவுண்டு கூடும். காலையில் 32 வைத்துக்கொண்டு பாதையில் இறங்கினால் கால் மணி நேர வேகத்தில் 38, 40 என்று ஏறிவிடும். டயர் நடுவில் உப்பி, தரையில் படும் பரப்பு சுருங்கி, வண்டி வழுக்கத் தொடங்கும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொரு சுற்று முடிந்து வந்ததும் அளந்து, கொஞ்சம் காற்றை வெளியே விடுவார்கள். அது சரியான செயல்தான்.

ஆபத்து மாலையில் இருக்கிறது. டயர் ஆறியதும் அதே காற்று 26-க்கு இறங்கி நிற்கும். அதைக் கவனிக்காமல் நண்பர்கள் நால்வரையும் ஏற்றிக்கொண்டு பெங்களூர் நெடுஞ்சாலையில் வீடு திரும்பினால், காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி மடங்கி உள்ளுக்குள் வேகும். டயர் வெடிப்பதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. டிராக்கில் போட்ட டயர் அங்கே வெடிக்காமல், வரும் வழியில் லாரிக்குப் பக்கத்தில் வெடித்தால் என்ன ஆகும்? ஒரு நல்ல காற்றுமானியும், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு பம்பும் டிக்கியில் இருக்கட்டும். டயர் விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. புறப்படும் முன் டயர்கள் நன்றாக ஆறட்டும். பிறகு டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்று ஏற்றியபின் கிளம்பட்டும்.

அடுத்தது தேதி. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்காமல் அலமாரியில் அடுக்குகிறவர் நம்மில் யாரும் இல்லை. டயரிலும் தேதி உண்டு. டி.ஓ.டி. என்ற எழுத்துகளை அடுத்து வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் அது. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஓடாமலே கிடங்கில் கிடந்தாலும் ரப்பர் இறுகும். மென்மைக்காகத்தான் அதிக விலை கொடுக்கிறோம், இறுகிய சரக்கை வாங்கி என்ன பயன்? வெளிநாட்டு ரகங்களில் இன்னும் கவனம் தேவை. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. சில அளவுகள் அரிதாகிவிட்டதால், பழைய இருப்பு கைமாறுவது உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் அது சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு விஷயம். தனியார் காருக்கான வழக்கமான பாலிசியை எடுத்து, எந்தெந்த உபயோகத்துக்குப் பொருந்தாது என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவை அதில் இருக்கும். டிராக் டே பந்தயம் அல்ல, பயிற்சிதான் என்று நாம் வாதாடலாம். கம்பெனி வேறு மாதிரி வாதாடும். ஆகவே போகுமுன் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குவது நல்லது. அந்த வரிகளுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருக்கும்: மாதிரிகளும் சொந்தச் சாமான்களும் தவிர்த்த சரக்கு ஏற்றுதல். மகனுடைய பந்தயமும் தகப்பனாருடைய உளுந்து மூட்டையும் ஒரே பட்டியலில் இருக்கின்றன என்று காட்டியபோது, நம் உறுப்பினர் சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, "இதைப் பையன்கிட்ட காட்டாதீங்க" என்று சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். பழைய டயரில் பட்டன் இன்னும் பாதி இருக்கிறது; தேய்மானக் குறி தெரியும் 1.6 மில்லிமீட்டர் வர நாளாகும். ஆகவே வரும் மழைக்காலம் வரை அதையே ஓட்டித் தேய்ப்பது, பிறகு அதே அளவில் 300 எண் உள்ள ரகம் வாங்குவது என்று மகனும் ஒப்புக்கொண்டாராம். மூட்டைகள் இனி லோடு ஆட்டோவில் வரும். கடைக்கு விலை கேட்கப் போன இடத்தில் தகப்பனார் குனிந்து தேதியைப் படித்திருக்கிறார். காட்டிய நான்கு டயரில் மூன்று அந்த வருடத்தவை, நான்காவது இரண்டு வருடம் பழையது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் உள்ளே போய் வேறு ஒன்றை எடுத்து வந்தாராம்.