கொல்லிமலைப் படிவயல்களை விடியலில் காணச் செல்வோருக்கு

காட்டாங்குளத்தூர் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தை நம்பி நெல் பயிரிடும் விவசாயிகளுக்குத் தண்ணீர்க் கவலை இருவகைப்பட்டது. மழை பொய்த்தால் ஏரி நிறைவதில்லை. ஏரி நிறைந்தாலும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. முன்னது மனிதர் கையில் இல்லை. பின்னது பெரும்பாலும் வயலின் மட்டத்தையும், வரப்பின் உறுதியையும், மேல்வயல்காரர் தண்ணீரை விடும் முறையையும் பொறுத்தது. சமவெளியில் இக்குறைகள் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. மலைச்சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த படிவயல்களில் அவை பளிச்செனத் தெரியும். ஆகவே விவசாயிகள் குழுவாகச் சென்று மலை வயலை ஒருமுறை பார்த்து வருவது பயனுள்ள செலவே.

நம் மாநிலத்தில் இதற்கு ஏற்ற இடம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. இது கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ள மேட்டுப்பகுதி. இங்கு வாழ்பவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். மலையில் வாழ்வதால் வந்த பெயரே தவிர, இவர்கள் கேரளத்தார் அல்லர்; தமிழ் பேசுபவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழிவழியாக வரும் செய்தி. செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து செல்வோருக்குப் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டியதில்லை.

சரிவான மேட்டு நிலங்களில் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை பரம்பரையாகப் பயிராகி வந்தன. பிற்காலத்தில் மரவள்ளி இவற்றின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. காபியும் மிளகும் உண்டு. ஊற்றும் ஓடையும் உள்ள பள்ளத்தாக்குகளில் மட்டும் படிப்படியாக வயல் கட்டி நெல் நடுகிறார்கள்.

விடியற்காலை ஏன்?

அழகுக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். சூரியன் தாழ்ந்திருக்கும்போது வெளிச்சம் சாய்வாக விழுகிறது. வரப்பின் நிழல் நீண்டு கிடக்கும். காற்றோட்டம் குறைவாக இருப்பதால் வயல் நீர் அலையின்றிக் கண்ணாடி போல் நிற்கும். அப்போது நடவுக்குத் தயாரான வயலில் எங்கே மண் மேடாக இருக்கிறதோ அங்கே நீர்ப்பரப்பு உடைந்து கரும் திட்டாகத் தெரியும். இரவு முழுவதும் யாரும் மடையைத் தொடாதிருந்தால் கசிவும் காட்டிக்கொடுத்துவிடும். மேல்வயலில் நீர் இறங்கியிருக்கும். அதன் கீழ்ச்சுவரில் ஈரம் படர்ந்திருக்கும். அங்கே நண்டு வளையோ எலி வளையோ இருக்கிறதென்று பொருள். வெயில் ஏறி, காற்றும் வீசத் தொடங்கிய பிறகு இவற்றைக் கண்டுபிடிப்பது கடினம்.

மட்டத்திற்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதை ஒரு கணக்கினால் விளக்கலாம். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் நீர் நிறுத்த ஏறத்தாழ 40,000 லிட்டர் தேவை. வயலின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 10 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் இருந்தால், மேட்டு முனை நனைவதற்கே சராசரி 5 சென்டிமீட்டர் நீரை வீணாக நிறுத்த வேண்டும். அதாவது ஏக்கருக்கு 2 இலட்சம் லிட்டர்! ஏரித் தண்ணீர் கடைமடைக்கு எட்டாத காரணங்களில் இதுவும் ஒன்று. மலை விவசாயி இந்தத் தவற்றைச் செய்ய முடியாது. அதிக நீர் நிறுத்தினால் அவருடைய வரப்பு தாங்காது.

படிகள் குறுகலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 100 மீட்டருக்கு 20 மீட்டர் இறங்கும் சரிவில் 5 மீட்டர் அகலமுள்ள வயல் கட்டினால் வரப்புச் சுவர் 1 மீட்டர் உயரம் வரும். அகலத்தை 10 மீட்டராக்கினால் சுவர் 2 மீட்டராகிவிடும். சரிவு கூடக்கூட வயல் நாடா போல் மெலிவது இதனால்தான்.

நிற்கும் இடம், நேரம்

கொல்லிமலைப் பகுதியில் சூரிய உதயம் மே மாத இறுதியில் சுமார் 5.50 மணி, அக்டோபர் தொடக்கத்தில் 6.05, சனவரி இறுதியில் 6.40. ஆனால் பள்ளத்தாக்கு வயலுக்குக் கிழக்கே முகடு இருந்தால் வெயில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை தாமதமாகவே விழும். உதயத்திற்கு அரைமணி முன்பே இடத்தில் இருப்பது நலம்.

நீர் பளபளப்பதைக் காண வேண்டுமானால் வயலுக்கு மேற்கே, சற்று உயரத்தில் நின்று கிழக்கு நோக்க வேண்டும். பயிரின் நிறத்தையும் இலையின் நோயையும் பார்க்க வேண்டுமானால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். முதல் கால்மணி மேற்கே நின்றுவிட்டு, பிறகு இறங்கி மறுபக்கம் போகலாம். சீக்குப்பாறை போன்ற காட்சி முனைகளுக்குப் பேருந்துகள் கூட்டமாகப் போகும். அவை கீழேயுள்ள சமவெளியைப் பார்க்க அமைந்தவை. வயலைப் பார்க்க வேண்டியவர் வயலுக்குத்தான் போக வேண்டும்.

பனிமூட்டத்தைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். மேகமற்ற இரவில் மலைச்சரிவின் குளிர்ந்த காற்று நீரைப் போலக் கீழிறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அங்கே மூடுபனி உண்டாகிறது. மேலே நிற்பவர் அதைப் பால் போலக் காண்பார். பள்ளத்தில் நிற்பவருக்கு எதிரில் இருப்பவரே தெரியாது. வெயில் பட்டதும் அது மெல்ல விலகும். பருவமழை நாட்களில் நிலைமை வேறு. மேகமே மலைமீது உட்கார்ந்துவிடும், காத்திருந்து பயனில்லை. மழை விட்டு ஓரிரு நாள் வெளிவாங்கிய பிறகு செல்வதே சிறந்தது.

பருவம்

கண்ணாடி போன்ற நீர்ப்பரப்பு சேற்றுழவிலிருந்து நடவு முடிந்த சில வாரங்கள் வரைதான். பிறகு பச்சை மூடிவிடும். சீனாவின் யுன்னான் மாநிலத்து யுவான்யாங் பகுதியில் ஹானி மக்கள் அறுவடைக்குப் பின்னும் வயலில் நீர் நிறுத்தி வைப்பதால், குளிர்காலம் முழுவதும் உதயக் காட்சியைக் காண மக்கள் குவிகிறார்கள். கொல்லிமலையில் அந்த வசதியை எதிர்பார்க்கக் கூடாது. நடவு நாள் மழையையும் ஓடை நீரையும் பொறுத்து முன்பின் ஆகும். எனவே புறப்படும் முன் கொல்லிமலை வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ, நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, எந்த ஊரில் சேற்றுழவு நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு நாளைக் குறிக்க வேண்டும். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் பெருங்கூட்டம் வரும். அந்நாட்களைத் தவிர்க்கலாம்.

பூக்கும் பருவத்திற்கு முன் செல்ல நேர்ந்தால் வேறொன்றைக் கவனிக்கலாம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6 டிகிரி செல்சியசு குறைகிறது. தண்டு உருளும் பருவத்தில் கடுங்குளிர் பட்டால் மகரந்தம் சரிவர உருவாகாமல் கதிர் பதராகும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் அந்தப் பருவத்தில் வயலில் ஆழமாக நீர் நிறுத்தி இளங்கதிரைக் குளிரிலிருந்து காக்கிறார்கள். இரவில் காற்றைவிட நீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஊற்று நீர் நேராக விழும் வாய்மடை மூலையில் மட்டும் பயிர் பின்தங்கிப் பச்சையாக நின்றால் அதற்கும் குளிர்ந்த நீரே காரணமாகலாம். வாய்க்காலைச் சுற்றி வளைத்து நீரை வெயிலில் காயவிட்டுப் பாய்ச்சுவது நல்ல மாற்று.

ஒரு படி சரிந்தால்

பிலிப்பைன்சு நாட்டு இபுகாவோ படிவயல்கள் 1995-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. 2001-இல் அவை ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2012-இல்தான் அதிலிருந்து நீக்கப்பட்டன. உழுவார் குறைந்து, வயல்கள் கவனிப்பாரற்றுப் போனதே தொல்லையின் வேர். மேலே ஒரு வயல் கைவிடப்பட்டால் அதன் வரப்பில் வளைகள் பெருகும். அடுத்த பெருமழையில் அது உடைந்து கீழ்வயல்களையும் இழுத்துக்கொண்டு போகும். நன்றாக உழுதுகொண்டிருக்கும் கீழ்வயல்காரர்தான் நட்டப்படுகிறார்.

காட்டாங்குளத்தூர்ப் பக்கம் இது வேறு உருவில் நடக்கிறது. ஆயக்கட்டின் நடுவே ஒரு வயல் மனையாகி, அதன் வழியே ஓடிய வாய்க்கால் தூர்க்கப்பட்டால், கீழே உள்ளவருக்கு ஏரி நிறைந்தும் தண்ணீர் இல்லை. மலையில் சேதம் ஒரே இரவில் நடப்பதால் ஊரே கூடிச் சரிசெய்கிறது. சமவெளியில் மெல்ல மெல்ல நடப்பதால் ஒருவரும் கூடுவதில்லை. குழுவாகச் செல்பவர்கள் மடைமுறையை யார் தீர்மானிக்கிறார்கள், வாய்க்கால் வெட்ட யார் யார் வரவேண்டும் என்பதைக் கொல்லிமலை விவசாயிகளிடம் கட்டாயம் கேட்டுவர வேண்டும்.

பயணம்

காட்டாங்குளத்தூரிலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், இராசிபுரம் பக்கமாகக் காரவள்ளி அடிவாரம் 300 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இரவெல்லாம் வண்டி ஓட்டி உதயத்திற்குப் போய்ச் சேரலாம் என்று திட்டமிடுவது அறவே கூடாது. தூக்கமில்லாத ஓட்டுநரும் இருட்டும் 70 வளைவுகளும் சேரக்கூடாதவை. காலையில் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே மலையேறி, செம்மேட்டில் தங்கி, மறுநாள் விடியலில் வயலுக்குச் செல்லவேண்டும். அட்மா திட்டத்தில் விவசாயிகளின் கண்டுணர் பயணத்திற்கு இடமுண்டு. வட்டார அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரிக்கலாம். ஆகாய கங்கை அருவியையும் பார்த்தாக வேண்டும் என்பார் சிலர். ஆயிரத்திற்கு மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டியிருப்பதால் அதை வயலைப் பார்த்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளட்டும்.

வயலுக்குரியவரைக் கேட்டுவிட்டே வரப்பில் கால் வைக்கவேண்டும். புதிதாகச் சேறு பூசிய வரப்பில் ஏறக்கூடாது. மற்ற வரப்புகளில் ஒருவர் பின் ஒருவராக, செருப்பின்றி நடப்பது நல்லது. 20 பேர் சேர்ந்து நின்றால் எந்த மண் வரப்பும் சரியும். கம்பளி, கைவிளக்கு, குடிநீர் ஆகியவற்றோடு ஒரு அளவுகோலும் எடுத்துச் சென்றால் வயல் நீரின் ஆழத்தை நான்கு மூலைகளிலும் அளந்து குறித்துக்கொள்ளலாம்.

ஊர் திரும்பியதும் அடுத்த நவரைக்கோ சொர்ணவாரிக்கோ சேற்றுழவு செய்து பரம்படித்தவுடன், வயலில் 2 சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் நீர் கட்டி வைக்கவேண்டும். மறுநாள் விடியலில், காற்று எழுவதற்குள், வயலுக்கு மேற்குப்புற வரப்பில் நின்று பார்க்கவேண்டும். மண் தெரியும் திட்டுகளில் குச்சி ஊன்றி, அங்கிருக்கும் சேற்றைப் பள்ளத்திற்கு இழுத்து, மீண்டும் ஒருமுறை பரம்படித்து நடவைத் தொடங்கலாம்.