இங்கிலீஷ்காரருக்கு எந்த ஊர்?

பண்ருட்டியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கடலூர். அங்கே தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-ல் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள் இங்கிலீஷ்காரர்கள். எல்லை எது? பீரங்கியைச் சுடு... குண்டு விழுகிற தூரம் வரை நமக்கு! 'குண்டு சாலை' என்ற பெயர் கடலூரில் இன்றும் இருக்கிறது.

இந்த சாமர்த்தியம் எங்கே கற்றது? பரம்பரை வித்தை ஸார்!

இங்கிலாந்து அவர்களுக்குப் பூர்வீகமே இல்லை. ஜெர்மனியின் வடகோடியில், டென்மார்க் எல்லைக்குப் பக்கத்தில், 'ஆங்கெல்ன்' என்று ஒரு சின்ன வட்டாரம். அங்கே இருந்த 'ஆங்கில்' என்ற ஜெர்மானியக் கூட்டத்தின் பெயர்தான் இங்கிலாந்து, இங்கிலீஷ், ஆங்கிலம் எல்லாம். நெய்வேலிச் சுரங்கத்தில் ராட்சசச் சக்கரத்தால் மண் அள்ளுகிறதே ஜெர்மன் மெஷின்... அதற்கும் ஆங்கிலேயருக்கும் பூர்வீகம் ஒரே தேசம்!

கி.பி. 98-ல் இவர்களைப் பற்றி எழுதியவர் டாஸிடஸ் என்ற ரோமானியர். இவர்களும் அக்கம்பக்கத்துக் கூட்டங்களும் கும்பிட்டது 'நெர்துஸ்' என்ற பூமாதேவியை. பசுக்கள் பூட்டிய வண்டியில் அம்மன் ஊர்வலம். அம்மன் ஊரில் இருக்கும்வரை சண்டை கூடாது. ஆயுதங்களைப் பூட்டி வைத்துவிட வேண்டும். 'அட, நம்ம திருவதிகைத் தேர் மாதிரி!' என்று அவசரப்படாதீர்கள். கடைசியில் அம்மனை ஏரியில் குளிப்பாட்டிய அடிமைகளை அதே ஏரியில் மூழ்கடித்து விடுவார்களாம்!

410 வாக்கில் ரோமானியர் பிரிட்டனைக் கைகழுவினார்கள். வடக்கே எதிரிகள் தொல்லை. உள்ளூர் ராஜா காவலுக்கு ஜெர்மானியக் கூலிப்படையைக் கூப்பிட்டார். 449 வாக்கில் மூன்று கப்பலில் வந்தார்களாம்; 731-ல் பீட் என்ற துறவி எழுதி வைத்த கணக்கு இது. வந்தவர்கள் பின்னாலேயே ஆங்கில்கள், சாக்ஸன்கள், ஜூட்கள் என்று கூட்டம் கூட்டமாக வந்து, காவலுக்கு வந்த இடத்தில் வீட்டுக்காரராகி விட்டார்கள்.

வெறும் கதை என்று தள்ள முடியாது. கிழக்கு இங்கிலாந்தின் பழைய கல்லறை எலும்புகளை மரபணு சோதனை செய்து 2022-ல் முடிவு வெளியிட்டார்கள். அந்த மக்களின் மரபில் சராசரியாக முக்கால் பங்கு கடல் தாண்டி வந்தது! ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் வந்திருக்கிறார்கள்.

அவர்கள் தங்கள் பேச்சை ரோமன் எழுத்தில் எழுத ஆரம்பித்தது 7-ம் நூற்றாண்டு வாக்கில். அதே நூற்றாண்டில் இங்கே அப்பர் பதிகம் பதிகமாகப் பாடிக்கொண்டிருந்தார்!

எனவே, 'இங்கிலீஷ் வரலியே' என்று கூனிக் குறுகும் பண்ருட்டித் தம்பி, தங்கைகளே... அதுவும் ஒரு கிராமத்து ஜனங்கள் படகேற்றிக் கொண்டுபோன பாஷைதான். போகிற இடமெல்லாம் கடன் வாங்கியே பெருத்தது. உங்க ஊர் பலாப்பழத்துக்குக்கூட சொந்தமாகப் பெயர் கிடையாது. மலையாளத்துச் 'சக்க'வைப் போர்ச்சுகீசியர் 'ஜாக்கா' என்றார்கள். அதை வாங்கி 'ஜாக்' ஆக்கிக்கொண்டது.

தப்பாப் பேசினா குடி முழுகிடாது. தைரியமாப் பேசுங்க!