மலைக் கிழவரைக் காணோம்!

அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஃபிராங்கோனியா நாட்ச், பனிப்பாறைகள் நகர்ந்து நகர்ந்து குடைந்த மலைக் கணவாய். ட்ரெக்கிங் பார்ட்டிகளுக்குச் செம வேட்டை! பாறை ஏறலாம், எக்கோ ஏரியில் படகு விடலாம், லஃபாயெட் சிகரத்தைத் தொட்டு வர சுமார் 14 கி.மீ. நடக்கலாம்.

இங்கே அச்சு அசல் மனித முகம் மாதிரி ஒரு பாறை இருந்தது. பெயர், 'மலைக் கிழவர்'. மாநிலத்தின் சின்னமே அவர்தான்! விரிசலில் புகுந்த தண்ணீர் உறைந்து, உருகி, மறுபடி உறைந்து... இரும்புக் கம்பி, சிமென்ட் எல்லாம் போட்டும் பலனில்லை. 2003 மே 3-ல் சரிந்தே விட்டார்.

பாறைக்கே அந்தக் கதின்னா நாம எம்மாத்திரம்? முகட்டில் மரமே கிடையாது. இடி, மழை வந்தா ஒதுங்க இடமில்லை. ஸ்வெட்டர், ரெயின்கோட், டார்ச் இல்லாம கிளம்பாதீங்க. அலட்சியமா போய் மாட்டிக்கிட்டா, மீட்புச் செலவை உங்க தலையிலேயே கட்ட அங்கே சட்டம் இருக்கு பாஸ்!