வெற்றிலை எச்சிலும் இருபத்தாறாயிரம் டன் இரும்பும்

கிழக்கே ஒரு சிக்கனப் பயணம் – 14

போன வாரம் டார்ஜிலிங் மெயிலில் ஏறியதோடு நிறுத்தியிருந்தேன். மலைப் பக்கம் பார்த்த நோங்ரியாட் வேர்ப்பாலம், தீஸ்தா பாலம், என் கணவருக்கு வந்த காய்ச்சல் எல்லாம் உங்களுக்கே தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் கொல்கத்தா சாப்பாடு என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பிரியாணியில் உருளைக்கிழங்கு வந்த கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஹௌரா பாலத்தைப் பற்றி ஒரு தகவல் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கைப் பற்றி யாரால் எழுத முடியும்?

சனிக்கிழமை காலை கொல்கத்தாவின் சியால்டா ஸ்டேஷனில் இறங்கியதும் இவர் கணக்கு டைரியைப் பிரித்தார். பயணத்தின் கடைசி இரண்டு நாள். ஊருக்குப் போகச் சென்னை மெயிலில் டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாயிற்று.

"நாளை ராத்திரி ரயிலேறற வரைக்கும் ரூம், சாப்பாடு, வண்டி எல்லாம் சேர்த்து மூவாயிரம். அதுக்கு மேல இல்ல."

"ஏங்க, பாலத்துல நடக்கறதுக்குக் காசு கேப்பாங்களா?"

"மறுபடியும் பாலமா?" என்றார். ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

சடர் ஸ்ட்ரீட்டில் அறை எடுத்தோம். இந்தியன் மியூசியத்தின் பக்கவாட்டுத் தெரு. முதுகுமூட்டையோடு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் வழக்கமாகத் தங்கும் இடம். மின்விசிறி உண்டு, குளியலறை பொது, ஜன்னலைத் திறந்தால் அடுத்த லாட்ஜின் சுவர். அறையைப் பற்றி இவ்வளவு போதும்.

கொல்கத்தாவில் காசில்லாதவர்களுக்கு ஹூக்ளி ஆறுதான் பெரிய பொழுதுபோக்கு. அதை மூன்று விதமாகக் கடக்கலாம். எஸ்பிளனேடிலிருந்து ஹௌராவுக்கு மெட்ரோவில் போனால் பத்து ரூபாய். ரயில் ஆற்றுக்கு அடியில் போகிறது. சுரங்கத்தில் நீல விளக்கு தெரிந்தால் தலைக்கு மேலே தண்ணீர் என்று அர்த்தம். அரை கிலோமீட்டர் தூரத்தை 45 வினாடியில் தாண்டிவிடுகிறது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்கள் போனில் வீடியோ எடுத்து முடிப்பதற்குள் ஹௌரா வந்துவிட்டது.

இந்தச் சுரங்கத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. தோண்டும் இயந்திரங்கள் ஆற்றின் அடியில் 2017இலேயே சிக்கலில்லாமல் வேலையை முடித்துவிட்டன. கண்டம் காத்திருந்தது கரையில். 2019 ஆகஸ்ட் கடைசியில் பௌபஜார் பகுதியில் இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையைக் கிழித்துவிட, மேலே இருந்த பழைய வீடுகள் விரிசல் விட்டன, சில இடிந்தன. குடும்பங்கள் கட்டிய துணியோடு வெளியேறின. ஆற்றின் அடியில் 2024இலேயே ரயில் ஓடத் தொடங்கியும், சியால்டாவுக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையிலான துண்டு இணைய 2025 ஆகஸ்ட் ஆகிவிட்டது.

இரண்டாவது வழி படகு. ஹௌரா ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்தால் எதிரிலேயே துறை. பாக்பஜார் போகும் படகில் ஏறினோம், அது ஹௌரா பாலத்துக்கு அடியில் போகும் என்பதால். கட்டணம் ஒரு டீ விலைதான். நடு ஆற்றில் அண்ணாந்து பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. தண்ணீரில் ஒரு தூண்கூட இல்லை. இரண்டு கரையிலும் இரண்டு கோபுரங்கள், நடுவில் 1,500 அடிக்கு வெறும் இரும்பு. எங்கு தேடினாலும் போல்ட்டும் நட்டும் கிடையாது, முழுக்க ரிவெட் அடித்துச் சேர்த்தது.

நடுவே தூண் இல்லாவிட்டாலும் கப்பல் மாட்டிக்கொள்ளும். 2005 ஜூனில் மணி என்ற சரக்குக் கப்பல், ஆற்றில் நீர் ஏறியிருந்த நேரத்தில் அடியில் புகுந்து போகப் பார்த்து, புகைபோக்கி பாலத்தில் சிக்கி மூன்று மணி நேரம் நின்றிருக்கிறது. இவர் இதைக் கேட்டுவிட்டு, "கப்பலுக்கும் உயரம் பார்த்துக் குனியத் தெரியணும்" என்றார். எங்கள் வீட்டுப் பரணில் தினமும் தலையை இடித்துக்கொள்பவர் சொல்வது.

இங்கே முன்பு இருந்தது மிதவைப் பாலம். 1874இல் பிராட்ஃபோர்டு லெஸ்லி கட்டியது. கப்பல் வந்தால் நடுப்பகுதியைத் திறந்து வழிவிட வேண்டும், அதுவரை வண்டிகள் கரையில் காத்துக் கிடக்கும். புதிய பாலத்தின் வேலை 1936இல் தொடங்கியது. கோபுரங்களுக்கு அடித்தளம் போட, ஏறக்குறைய 180 அடி நீளமும் 80 அடி அகலமும் கொண்ட ராட்சதப் பெட்டிகளை மண்ணுக்குள் இறக்கினார்கள். உள்ளே குழிகள் வழியாகச் சேற்றை வாரி வெளியே கொட்டக் கொட்டப் பெட்டி இறங்கும். சேற்றோடு நங்கூரங்கள், பீரங்கிக் குண்டுகள், பித்தளைப் பாத்திரங்கள், கம்பெனிக் காலத்து நாணயங்கள் எல்லாம் வந்திருக்கின்றன. ஒருநாள் இரவு அடிமண் சட்டென்று விலகி, மொத்தப் பெட்டியும் ஒரேயடியாக இரண்டு அடி இறங்கிவிட்டது. அந்த அதிர்ச்சியைக் கிடர்பூரில் இருந்த கருவி நிலநடுக்கம் என்று பதிவு செய்தது. கரையில் இருந்த ஒரு கோயில் இடிந்தது, பிறகு திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள்.

போர் வந்தது. இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய இரும்பில் பெரும்பகுதி வரவில்லை. தேவைப்பட்ட 26,500 டன்னில் 23,000 டன்னை டாடா உருக்காலை கொடுத்தது. 1942 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்டன. அதனால் 1943 பிப்ரவரி 3 அன்று, விழா, ரிப்பன், பேச்சு எதுவும் இல்லாமல் பாலத்தைத் திறந்தார்கள். முதலில் கடந்தது இரவில் தனியாகப் போன ஒரு டிராம். அதே ஆண்டில்தான் வங்கப் பஞ்சம். கஞ்சி கேட்டுக் கிராமங்களிலிருந்து நகரத்துக்குள் நடந்து வந்தவர்கள் லட்சக்கணக்கில்.

இனி அந்தத் தகவல்.

ஞாயிறு விடியற்காலையில் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போய்விட்டு, அங்கிருந்து படியேறிப் பாலத்தில் நடந்தோம். மூன்றாவது வழி, இலவசம். தலையில் கூடை வைத்தவர்கள் நம்மை ஒதுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த நெரிசலிலும், மேலிருந்து தொங்கும் இரும்புக் கால்களின் அடியில் ஏதோ உறை போட்டிருப்பது கண்ணில் பட்டது. இரும்பு மாதிரி இல்லை, தட்டினால் ஓசையும் வேறு. திரும்பி வந்து விசாரித்ததில் தெரிந்தது, அது ஃபைபர் கிளாஸ். காரணம் வெற்றிலை எச்சில்!

நடந்து போகிறவர்கள் எல்லாரும் கால்களின் அடியில் துப்பித் துப்பி, அங்கே காப்பாகப் போட்டிருந்த 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு நாலைந்து வருடத்தில் 3 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டதாம். 2011இல் துறைமுக அதிகாரிகளே சொன்னது. குண்டுக்குப் பயந்து ராத்திரியில் திறந்த பாலம், கப்பல் முட்டியும் நின்ற பாலம், வாய்க்குத் தோற்றது. சாமி படத்தை ஒட்டிப் பார்த்தும் பயனில்லாமல், கழுவிவிடக்கூடிய உறையை மாட்டியிருக்கிறார்கள். பறவை எச்சமும் இரும்பைத் தின்கிறது, ஆனால் காக்கைக்கு வேறு இடம் தெரியாது. எங்கள் தாத்தா செல்லமும் படிக்கமும் பக்கத்தில் இல்லாமல் ஒரு வெற்றிலைகூடக் கிள்ளமாட்டார். வெற்றிலை போடத் தெரிந்த நாடு, படிக்கத்தை மட்டும் எப்படித் தொலைத்தது என்று எனக்குப் புரியவில்லை.

மதியம் இவருக்குத் தயிர்சாதம் கேட்டது. மலையில் இருந்தவரை அடக்கி வைத்திருந்த ஆசை. மெட்ரோ பிடித்து லேக் மார்க்கெட் போனோம். கறிவேப்பிலை, ஃபில்டர் காபித்தூள், வாழையிலை எல்லாம் கிடைக்கும் தமிழர் பேட்டை. டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு கல்கத்தா கம்பெனிகளுக்கு ரயிலேறிய தலைமுறை உருவாக்கியது. ஹோட்டலில் பக்கத்து மேஜைப் பெரியவர் ஆபீஸ் போன காலத்தில் பாலத்து டிராமில் ஜன்னலோரம் பிடிக்க ஓடியதைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் அவர் மகன் கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

இவருடைய டைரியில் கடைசியில் மிச்சம் நூற்றுச் சொச்சம் ரூபாய். அதில் ரயிலுக்கு சந்தேஷ் வாங்கினோம்.

உருளைக்கிழங்கு அடுத்த வாரம், கட்டாயம். இடம் முடிந்துவிட்டது என்று ஆசிரியர் சொல்லுமுன் ஒரு வேண்டுகோள். பாலத்தின் பாரத்தைக் குறைக்க 1993இல் அதன்மேல் ஓடிய டிராமை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் கல்கத்தாவில் வேலை பார்த்து, அந்த டிராமில் ஆற்றைக் கடந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். எந்த வருடம், எங்கிருந்து எங்கே, டிக்கெட் எவ்வளவு என்று இதழ் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள்.